வாயசைவும் மெய்ப்பாடும்

கார்ட்டூன் படம் பார்த்துவிட்டு வெளியே வருவோர் சொல்லும் பாராட்டுகளுள் ஒன்று, "எவ்வளவு பொருத்தமாக வாய் அசைகிறது!" என்பது. காகிதத்தில் வெறுங்கோடாகக் கிடந்த புலி திரையில் வாய் திறந்து பேசக் கண்டால் வியப்பு எழுவது இயல்பே. ஆயினும் அப்பாராட்டு, பள்ளி விழாவில் செய்யுள் ஒப்புவித்த சிறுவனைப் பார்த்து, "ஒரு சொல்லையும் விடாமல் சொன்னான்" என்று மெச்சுவதை ஒத்தது. சொல் விடுபடவில்லை என்பது உண்மை. பொருள் உணர்ந்து சொன்னானா என்பது வேறு வினா. அவ்வினாவைக் கேளாமல் பரிசு வழங்கும் நடுவர், ஒப்புவித்தலை அளந்தாரேயன்றிச் செய்யுளை அளந்தாரல்லர்.

பதிவு செய்த குரலுக்கு ஏற்ப உருவங்களை நடிக்கச் செய்யும் கலையில் ஓவியர் வரைய வேண்டுவது யாது? காதில் விழும் ஒலியையா? அல்லது அவ்வொலியை எழுப்பிய எண்ணத்தையா? இவ்வினாவுக்கு விடை காண, டிஸ்னி நிலையத்தார் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஜங்கிள் புக்' என்னும் படம் பெரிதும் துணை செய்யும். அப்படத்தின் நிறைவும் குறைவும் ஒருசேரக் குரலிலிருந்தே பிறந்தவை.

குரல் முந்தியது

மேடை நாடகத்தில் சொல்லும் செயலும் ஒருவரிடமே தோன்றுகின்றன. கார்ட்டூன் படத்திலோ ஒரு பாத்திரத்துக்கு நடிகர் இருவர். ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று குரல் கொடுப்பார். மற்றவர் பின்னொரு நாள் மேசை முன் அமர்ந்து, அக்குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதற்கு உடல் அமைப்பார். அமெரிக்கப் பெரும்படங்களில் குரல் முந்தியது, கோடு பிந்தியது.

பதிவான குரலை முதலில் அளப்பர். திரையில் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. எனவே அரை நொடியில் முடியும் ஒரு சொல்லுக்கு 12 பிரேம்கள் உண்டு. எந்த ஒலி எத்தனையாவது பிரேமில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, இடையில் எங்கே மூச்சு வாங்கப்படுகிறது என்பனவெல்லாம் ஒரு கணக்குத்தாளில் வரிசையாக எழுதப்படும். ஓவியர் அத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைவார்.

இவ்வேலைக்கு அனுபவத்தால் கண்ட விதிகள் சில உள. பகரம், மகரம் போன்ற ஒலிகளில் உதடுகள் மூடியே தீரவேண்டும். மூடிய வாய் இரண்டு பிரேமாவது நிற்கவேண்டும். ஒரே பிரேமில் மூடித் திறந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது. உயிரொலிக்கு வாய் திறப்பது, ஒலி கேட்பதற்கு ஓரிரு பிரேம் முன்னதாக இருந்தால் பொருத்தமாகத் தோன்றும். பிந்தினால் உடனே உறுத்தும். எல்லாவற்றினும் முதன்மையான விதி, எழுத்துக்கொரு வாய் வரையலாகாது என்பது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் முதல் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பு எப்படிச் சொல்லாகாதோ, அப்படியே எழுத்தெழுத்தாக அசையும் வாயும் பேச்சாகாது, வெறும் படபடப்பாகிவிடும். தேர்ந்த ஓவியர் சொற்றொடரின் வடிவத்தை நோக்குவார். எங்கே அழுத்தம், எங்கே தளர்வு என்று கண்டு, அவ்விரண்டையும் வரைந்து, இடைப்பட்டவற்றை விட்டுவிடுவார்.

பிறப்பியலும் மெய்ப்பாட்டியலும்

தமிழ் கற்றோர்க்கு இவ்விதிகள் முற்றும் புதியன அல்ல. உதடு இயைந்து பிறக்கும் ஒலிகள் எவை, உதடு குவிந்து பிறப்பன எவை, மேற்பல்லும் கீழுதடும் கூடப் பிறப்பது எது என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துள்ளது. கார்ட்டூன் ஓவியரின் கையிலுள்ள வாய் வடிவப் பட்டியல் அவ்வியலின் படவடிவம் என்றே சொல்லலாம். ஆனால் அந்நூல் பிறப்பியலோடு நின்றுவிடவில்லை. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று மற்றோர் இயல் உண்டு. அச்சமும் வெகுளியும் நகையும் அழுகையும் பெருமிதமும் உடலில் வெளிப்படும் முறையை அது பேசுகிறது. ஒலி பிறக்கும் இடம் ஓரியலில். உள்ளம் உடலில் புலனாகும் வகை பிறிதோரியலில். இரண்டும் வேறு என்பதை அறிந்தே பிரித்து வைத்தனர் போலும்! வாயசைவு முன்னதைச் சார்ந்தது. நடிப்பு பின்னதைச் சார்ந்தது. முன்னதில் தேறியவர் பின்னதிலும் தேறிவிட்டதாகக் கருதுவதே இக்கலையில் நேரும் பெரும்பிழை.

இப்பிழைக்குச் சான்றாக ஒரு படத்தொடரையே காட்டலாம். 1959ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென 'கிளட்ச் கார்கோ' என்னும் தொடர் செய்யப்பட்டது. செலவைக் குறைக்க அதனைச் செய்தோர் ஒரு தந்திரம் கண்டனர். அசையாத ஓவிய முகத்தில் வாய் இருக்கவேண்டிய இடத்தில், பேசும் மனிதரின் மெய்யான உதடுகளைப் படமெடுத்துப் பொருத்தினர். வாயசைவு ஒன்றே போதுமெனில், உலகிலேயே சிறந்த பேசும் ஓவியங்கள் அவையாகத்தான் இருக்கவேண்டும்; ஏனெனில் அவ்வுதடுகளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கண்டவர் நினைவில் நிற்பது அதன் விகாரமே. கண் அசையவில்லை, புருவம் நெகிழவில்லை, தலை திரும்பவில்லை. செத்த முகத்தில் உயிருள்ள வாய் ஒட்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 1933 முதல் பிளைஷர் சகோதரர்கள் வெளியிட்ட 'பாப்பாய்' படங்களில், உருவங்களை வரைந்த பின்னரே உரையாடலைப் பதிவு செய்தனர். 1935 முதல் பாப்பாய்க்குக் குரல் கொடுத்த ஜாக் மெர்சர், வாய் அசையாத இடங்களிலும் முணுமுணுப்புகளைச் சேர்த்துவிட்டார். வாய்க்கும் சொல்லுக்கும் அங்கே பொருத்தமில்லை. ஆயினும் அம்முணுமுணுப்பே பாப்பாயின் தனித்தன்மையாயிற்று. தனக்குள் பேசிக்கொள்ளும் முரட்டு மாலுமி ஒருவன் உள்ளே இருக்கிறான் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 1941இல் வந்த 'டம்போ'வின் யானைக்கன்றோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. சிறைக்கம்பிகளுக்கு வெளியே நீளும் தாயின் துதிக்கையில் அது சாய்ந்து கிடக்கும் காட்சியைப் பார்த்தவர், அதற்கு வாய்ப்பேச்சு இல்லையே என்று குறைப்பட்டதில்லை.

ஆக, உதடு சரியாக இருந்தும் பாத்திரம் இறந்துபோகலாம். உதடு தவறியும் பாத்திரம் வாழலாம். உதடே அசையாமலும் வாழலாம்.

புலியும் பாம்பும்

இனி 'தி ஜங்கிள் புக்' படத்துக்கு வருவோம். இரட்யார்டு கிப்ளிங் 1894இல் வெளியிட்ட கதைகளை ஒட்டி எழுந்த படம் இது. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் மறைந்தார். படம் 1967 அக்டோபரில் வெளிவந்தது. அவர் நேரில் கண்காணித்த கடைசிக் கார்ட்டூன் பெரும்படங்களுள் ஒன்று என்ற சிறப்பும் இதற்குண்டு. வுல்ப்காங் ரைத்தர்மன் இயக்கினார்.

இப்படத்தில் பாத்திரங்களுக்கேற்பக் குரல் தேடியதோடு அமையாது, பெயர்பெற்ற குரல்களின் இயல்புக்கேற்பப் பாத்திரங்களையே வளைத்தனர். ஷேர்கான் என்னும் புலிக்கு நடிகர் ஜார்ஜ் சாண்டர்ஸ், கா என்னும் மலைப்பாம்புக்கு ஸ்டெர்லிங் ஹாலோவே, பலூ என்னும் கரடிக்குப் பில் ஹாரிஸ், குரங்கரசனுக்கு லூயி பிரைமா என்று குரல்கள் அமைந்தன. சாண்டர்சின் முகச்சாயல்கூடப் புலியின் முகத்தில் படிந்தது.

படத்தின் மிகச்சிறந்த நடிப்பு எங்கே என்று கேட்டால், ஷேர்கானும் காவும் சந்திக்கும் சிறு காட்சியைச் சுட்டலாம். மரத்தின் மேலே பாம்பின் சுருளுக்குள் சிறுவன் மௌக்லி மயங்கிக் கிடக்கிறான். கீழே நிற்கும் புலி, தொங்குகின்ற பாம்பின் வாலை வீட்டு வாயில் மணியை இழுப்பதுபோல் இழுக்கிறது. பாம்பு தலையை இறக்குகிறது. பிறகு நடப்பது சண்டையன்று, மரியாதையான உரையாடல். யாருடனோ பேசிக்கொண்டிருந்தாயே என்று புலி விசாரிக்கிறது. இல்லவே இல்லை என்று பாம்பு மழுப்புகிறது.

சாண்டர்சின் குரல் உயர்குடிக் கனவான் ஒருவரின் சோம்பல் குரல். அதில் உறுமல் இல்லை, அவசரமும் இல்லை. புலியை வரைந்த மில்ட் கால் என்னும் ஓவியர், அக்குரலில் உள்ள சொற்களை மட்டும் கேட்டிருந்தால் ஒரு பணிவான புலியை வரைந்திருப்பார். குரலுக்கு அடியில் உள்ளதைக் கேட்டதனால் வேறொன்றை வரைந்தார். புலியின் வாய் பெரிதாகத் திறப்பதில்லை. தலை மெல்லத் திரும்புகிறது. இமை பாதி தாழ்ந்திருக்கிறது. பார்வை மட்டும் பாம்பை விட்டு அகல்வதில்லை. சொல் இனிமையாக வந்துகொண்டிருக்கும்போதே விரலிடையிலிருந்து நகம் ஒன்று வெளியே நீளுகிறது. காது கேட்பது நயம். கண் காண்பது கொலை. இரண்டும் ஒன்றையே சொல்லியிருந்தால் காட்சி தட்டையாகியிருக்கும். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் புலியின் உள்ளம் நமக்குத் தெரிகிறது. வல்லமை உள்ளவனுக்குக் கத்த வேண்டியதில்லை என்ற பெருமிதம் அது. எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தை வரைவது வெகுளியை வரைவதினும் அரிது. வெகுளிக்குப் பல்லைக் காட்டினால் போதும். பெருமிதத்துக்கோ எதையும் காட்டாமல் காட்டவேண்டும்.

எதிரில் உள்ள பாம்பின் நிலை ஓவியர்க்கு இன்னும் இடர் மிகுந்தது. கையில்லை; தோள் இல்லை; நடையில்லை. உள்ளவை கண்ணும் வாயும் நீண்ட உடலுமே. ஆனாலும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனின் குழைவை அவ்வுடலின் வளைவுகள் காட்டிவிடுகின்றன. இளித்துக்கொண்டே பின்வாங்கும் கழுத்தில் அச்சம் தெரிகிறது. இக்காட்சியில் உரையாடலின் ஒலியை முற்றும் நிறுத்திவிட்டுப் பார்த்தாலும், யார் ஆள்பவன், யார் அஞ்சுபவன், யார் பொய்யன் என்பது விளங்கும். கார்ட்டூன் நடிப்பைச் சோதிக்க இதனினும் நல்ல உரைகல் இல்லை.

பலூ கரடியைப் பெரும்பகுதி வரைந்தவர் ஆலி ஜான்ஸ்டன். மௌக்லியை மனிதர் ஊருக்கே அனுப்பவேண்டும் என்பதை அவனிடம் சொல்லவேண்டிய கடமை ஒருகட்டத்தில் கரடியின் தலைமேல் விழுகிறது. எப்போதும் ஆடிப்பாடித் திரிந்த குரல் அங்கே தடுமாறுகிறது. தொடங்கித் தொடங்கி நிற்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் உள்ள அமைதியில் கரடியின் முகம் படும் பாடே அக்காட்சியின் உயிர். வாயசைவுக் கணக்குத்தாளில் அவ்விடங்கள் வெற்றுக் கட்டங்களாகவே இருந்திருக்கும். நடிப்பு நிறைந்திருப்பதோ அந்த வெற்றுக் கட்டங்களில்தான்.

குறையையும் கூறுதல் வேண்டும். நான்கு கழுகுகள் வரும் பகுதி, அக்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்றிருந்த பீட்டில்ஸ் இசைக்குழுவினரின் சாயலையும் லிவர்பூல் நகரப் பேச்சையும் நம்பி அமைந்தது. அப்பேச்சை அறிந்தவர் சிரித்தனர். அறியாதவர்க்கு அங்கே சிரிக்க என்ன இருக்கிறது? ஒலியை நிறுத்திப் பார்த்தால் ஒரு கழுகினின்றும் மறு கழுகை மனத்தால் பிரித்தறிய முடியவில்லை. அங்கே ஓவியர் குரலின் வழக்கை வரைந்தாரேயன்றிக் குரலுக்குரியவனை வரையவில்லை. குரங்கரசன் காட்சியும் அத்தகையதே. ஆட்டத்தின் வேகத்தில் உடல் முழுதும் தாளம் போடுகிறது; ஆனால் நெருப்பின் மறைபொருளை அடையத் துடிக்கும் ஆசை தாளத்தில் கரைந்துபோகிறது.

குரலா, கோடா?

ஈண்டு ஒரு தடை எழும். "சிறப்பெல்லாம் குரல் கொடுத்த நடிகருடையது. ஓவியர் அதனைப் படியெடுத்தார், அவ்வளவே" என்று கூறுவோர் உளர். இன்று விளம்பரங்களில் குரல் கொடுத்த நடிகர் பெயர் பெரிதாகவும், வரைந்தோர் பெயர்கள் படம் முடிந்து மக்கள் எழுந்து செல்லும்போது சிறிதாகவும் வருவதற்கு இவ்வெண்ணமே காரணம்.

இதற்கு விடை அதே நடிகர்களிடமே கிடைக்கிறது. காவுக்குக் குரல் கொடுத்த ஸ்டெர்லிங் ஹாலோவே, 1951இல் வந்த 'ஆலிஸ்' படத்தில் செஷையர் பூனைக்கும், 1966இல் வந்த படத்தில் வின்னி த பூ என்னும் பொம்மைக் கரடிக்கும் குரல் கொடுத்தவர். மூன்றிலும் அதே கம்மிய, மென்மையான குரல். பூனையிடம் அது புதிராகிறது, கரடியிடம் கள்ளமின்மையாகிறது, பாம்பிடம் வஞ்சகமாகிறது. குரல் ஒன்று, உள்ளம் மூன்று. அம்மூன்று உள்ளங்களையும் வேறுபடுத்தியதில் எழுதிய உரையாடலுக்கும் வரைந்த கோட்டுக்கும் பெரும்பங்கு உண்டென்பதை எவர் மறுப்பார்?

மறுபக்கமும் உண்டு. பலூவின் குரலான பில் ஹாரிஸ், 1970இல் 'தி அரிஸ்டோகேட்ஸ்' படத்தில் ஓமாலி என்னும் பூனையாகவும், 1973இல் 'ராபின் ஹூட்' படத்தில் லிட்டில் ஜான் என்னும் கரடியாகவும் பேசினார். மூவரும் உடன்பிறந்தார் போலவே தோன்றுகின்றனர். 'ராபின் ஹூட்' படத்தின் நடனக் காட்சியில், பழைய படங்களுக்கு வரைந்த அசைவுகளையே எடுத்து மீண்டும் பயன்படுத்தினர். 'தி ஜங்கிள் புக்' அசைவுகளும் அவற்றுள் அடங்கும். குரல் அதுவே, ஆகவே உடலும் அதுவே என்று ஓவிய மேசை எண்ணத் தலைப்பட்டபோது, புதிய பாத்திரம் பிறக்கவில்லை. பழைய பாத்திரம் சட்டை மாற்றிக்கொண்டது. குரல் வெற்றி பெறும்போது ஓவியர் அதன் பின்னே ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டால் விளைவது இதுதான்.

வேறு நிலையத்தாரும் இவ்வுண்மையை அறிந்தே நடந்தனர். 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி' கணினியால் ஆகிய முதல் பெரும்படம். அதற்கு டாம் ஹாங்ஸ் பொருந்துவாரா என்று பார்க்க, அவர் நடித்த பழைய படமொன்றின் உரையாடலை எடுத்து, அதற்கேற்ப வுடி பொம்மையை நடிக்கவைத்துப் பார்த்தனர். குரல் நன்றாக இருக்கிறதா என்பதற்கு அவ்வளவு பாடு வேண்டியதில்லை, கேட்டாலே போதும். அக்குரல் அவ்வுடலில் குடியேறுமா என்பதே அவர்கள் தேடிய விடை.

தமிழில் பேசும்போது

வேற்றுமொழியில் வரைந்த வாய்க்குத் தமிழ்க்குரல் சேர்க்கும்போது இச்சிக்கல் இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் 'டைகர்' என்னும்போது உதடுகள் கூடுவதில்லை. தமிழில் 'புலி' என்னும்போது கூடியே ஆகவேண்டும். மௌக்லியைக் குறிக்கும் 'மேன் கப்' என்ற தொடர்க்கு 'மனிதக்குட்டி' என்று பெயர்த்தால் முதலெழுத்து வாயோடு பொருந்தும். இறுதியில் உதடு மூட, தமிழோ 'டி' என்று திறந்து முடியும். இவை பிறப்பியல் சிக்கல்கள். கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றிச் சமாளித்துவிடுவார்.

மெய்ப்பாட்டுச் சிக்கல் இதனினும் ஆழமானது. ஆங்கில வாக்கியத்தில் மறுப்புச் சொல் முன்னே வந்துவிடும். தமிழில் 'மாட்டேன்' என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலக் குரலுக்கு வரைந்த ஓவியர், மறுப்பு ஒலிக்கும் இடத்தில் தலையை அசைத்திருப்பார். தமிழ்க்குரல் அப்போது ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். தலை முன்னே மறுத்துவிட, நாக்கு பின்னே வந்து மறுக்கும். உதடு பொருந்தியும் ஆள் பொருந்தாமல் தோன்றுவது இதனால்தான். "முடியாது, நான் அங்கே வரமாட்டேன்" என்று மறுப்பை முன்னே கொணர்ந்தால் தலையசைவும் சொல்லும் கூடிவிடும். அது இயல்பான தமிழும் ஆகும். ஆகவே குரல்மாற்றத்துக்கு எழுதுவோர் வாயைப் பார்ப்பதற்கு முன் தலையையும் கண்ணையும் பார்த்து எழுதுதல் வேண்டும்.

1994இல் வந்த 'தி லயன் கிங்' படத்தையும், 2019இல் மெய்யான சிங்கங்களைப் போலவே கணினியால் அமைத்து வெளியிட்ட அதன் மறுபதிப்பையும் ஒப்பிடுவதும் பயன் தரும். முன்னதில் ஸ்கார் என்னும் கொடிய சிங்கத்துக்கு ஜெரமி ஐயன்ஸ் குரல் கொடுக்க, ஆண்ட்ரியாஸ் டேஜா வரைந்தார். ஏளனம் ஒரு புருவத்தில் ஏறும்; வெறுப்பு உதட்டோரத்தில் சுழியும். பின்னதில் சிங்கத்தின் முகம் மெய்யான சிங்கத்தின் முகமாகவே இருக்கவேண்டும் என்பதால் புருவமும் உதட்டோரமும் பெரிதும் அடங்கிப்போயின. தமிழ்ப் பதிப்பில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் குரல் கொடுத்தனர். வாய் மிகுதியாக அசையாததால் தமிழ்ச்சொல் ஒட்டுவதில் இடர் குறைவு. ஆனால் குரலில் உள்ள உணர்ச்சி முகத்தில் தங்க இடமின்றி நின்றது. மெய்ம்மை மிகுந்தது, மெய்ப்பாடு குறைந்தது.

முடிவுரை

இன்று பதிவான குரலை உட்கொண்டு, அதற்குரிய வாயசைவைத் தானே அமைத்துத் தரும் கணினி நிரல்கள் வந்துவிட்டன. முன்னோர் கணக்குத்தாளை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் செய்த வேலையை அவை நொடியில் செய்கின்றன. இதனால் கலை அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். வாயசைவே கலையென எண்ணியிருந்தவர்க்கு அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் நகம் எப்போது நீளவேண்டும், கரடி எந்த இடத்தில் பேச்சை நிறுத்தித் தலை குனியவேண்டும் என்பது ஒலிப்பதிவில் எழுதப்பட்டிருக்கவில்லை. குரலைக் கேட்டு, அதற்குரியவன் யாவன், அவன் எதை விரும்புகிறான், எதை மறைக்கிறான் என்று ஒருவர் எண்ணிப்பார்த்தே அதனைக் கண்டறிய வேண்டும்.

மனிதர் பேசும்போது கண் முதலில் நகர்கிறது, அடுத்துத் தலை, அதன்பின் உடல், சொல் கடைசியில்தான் வருகிறது. எண்ணம் தோன்றிய பின்னரே சொல் தோன்றும் என்பதற்கு உடலே சாட்சி. அடுத்த முறை கார்ட்டூன் படம் பார்க்கும் அன்பர்கள், பாத்திரம் வாய் திறப்பதற்கு முந்திய அந்த ஒரு கணத்தை நோக்குவார்களாக. அங்கே எண்ணம் தெரிந்தால் அவ்வோவியர் நடிகர். தெரியாவிடில், வாய் எவ்வளவு பொருத்தமாக அசைந்தாலும், அது ஒப்புவித்தல் மட்டுமே.